கீழ்க்குடலின் அரிய புற்றுநோய்கள்: கண்டறிந்த வரலாறு

பெருங்குடல், மலக்குடல் புற்றுநோய்களில் மிகப் பெரும்பாலானவை சுரப்பித் திசுவில் தோன்றும் அடினோகார்சினோமா. ஆசனவாயின் செதிள்திசுப் புற்று, நிறமி உயிரணுக்களில் தோன்றும் மெலனோமா, கார்சினாய்டு, லிம்போமா, குடல்சுவரில் வளரும் ஜிஸ்ட் ஆகியவை கீழ்க்குடலில் அரிதாக வருபவை. ரத்தப்போக்கு, வலி, மலம் கழித்தும் தீராத உணர்வு என அறிகுறிகள் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருப்பதால், மூலம் என்றே பலருக்கும் முதலில் மருந்து தரப்படுகிறது.

மலக்குடல் மெலனோமா 1857இல் பதிவானது. கறுப்பாக இருக்கும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றும்; நிறமே இல்லாத மெலனோமாவும் உண்டு. 1907இல் ஜெர்மானியர் ஓபர்ன்டார்ஃபர், புற்றைப் போலத் தெரிந்தாலும் தீங்கற்றவை என்று கருதிய சில குடல்கட்டிகளுக்குக் கார்சினாய்டு என்று பெயரிட்டார். அவை பரவவும் கூடும் என்று 1929இல் அவரே திருத்தி எழுதினார். பெரிய திருப்பம் 1974இல் வந்தது. ஆசனவாய்ப் புற்றுக்கு அதுவரை ஆசனவாயையே அகற்றி, வயிற்றில் மலப்பை பொருத்துவதுதான் வழக்கம். அமெரிக்க அறுவை மருத்துவர் நார்மன் நைக்ரோ அறுவைக்கு முன்னதாகக் கதிர்வீச்சும் மருந்தும் கொடுத்துப் பார்த்தார். அதன்பின் வெட்டியெடுத்த பகுதியில் புற்றே தென்படவில்லை; அறுவையைத் தவிர்க்கும் வழி திறந்தது. மலக்குடல் அடினோகார்சினோமாவுக்கோ அறுவையே இன்றும் முதன்மை. திசுப் பரிசோதனையில் வகையைச் சரியாகச் சொல்வது அதனால்தான் இத்தனை முக்கியம்.

தமிழ்நாட்டில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் அடையாறு புற்றுநோய் நிலையம் 1954இல் தொடங்கியது. இங்கு நோயின் முகமும் சற்று வேறு: மேலைநாடுகளில் பெருங்குடல், மலக்குடல் புற்றுகளில் நூற்றுக்கு ஒன்றாக உள்ள, அடினோகார்சினோமாவின் ஒரு வகையான முத்திரைமோதிர உயிரணுப் புற்று, இந்தியாவில், குறிப்பாக இளவயதினரிடம், கூடுதலாகக் காணப்படுகிறது. அரியது எது என்பதும் ஊருக்கு ஊர் மாறும் போலும்.

பரிசோதனைக்குப் போவதே மலையூர்களில் எளிதல்ல. நீலகிரியில் உள்ள நடுவட்டத்தைப் பாருங்கள். அங்கிருந்து உதகைக்கோ கூடலூருக்கோ மலைப்பாதையில்தான் போக வேண்டும். தேயிலைத் தோட்டத்தில் கூலிக்குப் போகிறவருக்கு அன்றைய கூலியும் போகும். உதகையில் அரசு மருத்துவக் கல்லூரி 2022இல் திறக்கப்பட்டதால், மேல்சிகிச்சைக்குச் சமவெளிக்கு இறங்கும் தேவை ஓரளவு குறைந்திருக்கிறது.

புற்றை மூலம் என்று எண்ணும் தவறு பெரும்பாலும் கருவி இல்லாததால் நேர்வதில்லை. கையுறை அணிந்த விரலால் மலக்குடலைத் தொட்டுப் பார்க்காமலே களிம்பு எழுதித் தருவதால் நேர்கிறது. சில வாரங்களில் நிற்காத ரத்தப்போக்கு இருந்தால், வெட்கப்படாமல் அந்தப் பரிசோதனையைக் கேட்டுப் பெறுங்கள்.