மூழ்கடிக்கப்பட்டவர்களின் கதைக்கு 98 நிமிடங்கள் அதிகமா?

அமெரிக்காவின் சிக்காகோ நகரைச் சேர்ந்த ராப் பாடகர் லூபே ஃபியாஸ்கோ 2018 செப்டெம்பர் 21 ஆம் திகதி 'ட்ரோகாஸ் வேவ்' என்ற இசைத்தொகுப்பை வெளியிட்டார். அதைக் கேட்க முற்படுகின்ற எவரையும் முதலில் மலைக்க வைப்பது அதன் நீளமே. இடையீடுகள் உட்பட 24 பகுதிகள். மொத்தமாக ஏறத்தாழ 98 நிமிடங்கள். ஒரு திரைப்படத்துக்கு ஒதுக்குகின்ற நேரத்தை இசைத்தொகுப்பு ஒன்றுக்கு ஒதுக்குமாறு அவர் கேட்டார். அதே ஆண்டின் கோடைகாலத்தில் அவருடைய நகரத்தவரான கன்யே வெஸ்ட் ஏழு பாடல்களை மாத்திரம் கொண்ட 'யே' என்ற தொகுப்பை வெளியிட்டிருந்தார். அது 24 நிமிடங்களைக் கூட எட்டவில்லை. நீளம் என்பது கலைஞர்கள் தெரிந்தே எடுக்கின்ற முடிவு என்பதை உணர்த்த இந்த இரண்டு எண்களும் போதுமானவை.

அம்முடிவு சரியானதுதானா என்பதே நமது கேள்வி. அதற்குப் பதில் காண்பதற்கு முன்னர், ஹிப்ஹொப் இசையில் நீளம் என்பது எங்கிருந்து வந்தது என்பதைச் சற்றுப் பின்னோக்கிப் பார்ப்பது அவசியம்.

ஹிப்ஹொப்பை உலகறியச் செய்த 'ராப்பர்ஸ் டிலைட்' 1979 இல் வெளிவந்தபோது அந்த ஒரு பாடலே 14 நிமிடங்களுக்கு மேல் நீண்டது. நடன அரங்குகளுக்காகத் தயாரிக்கப்பட்ட 12 அங்குல இசைத்தட்டு அதற்கு இடமளித்தது. முழுத் தொகுப்புகளைப் பொறுத்தவரையில், இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் இருபது நிமிடங்களைத் தாண்டினால் ஒலியின் தரம் குன்றத் தொடங்கும் என்பதே எல்லையாக இருந்தது. 1988 இல் டி.ஜே. ஜாஸி ஜெஃப்பும் ஃபிரெஷ் பிரின்ஸும் இரட்டை இசைத்தட்டாகத் தமது தொகுப்பை வெளியிட்டபோது அது புதுமையாகக் கருதப்பட்டது. பின்னர் இறுவட்டு வந்தது. 74 நிமிடங்கள் ஒரே தட்டில் அடங்கின. இடமிருந்தால் நிரப்ப வேண்டும் என்ற எண்ணம் கலைஞர்களுக்கும் கம்பனிகளுக்கும் ஒருங்கே ஏற்பட்டது.

1996 பெப்ரவரியில் டூபாக் ஷகூர் 27 பாடல்களுடன் 'ஓல் ஐஸ் ஓன் மீ' என்ற இரட்டை இறுவட்டைக் கொண்டுவந்தார். அடுத்த ஆண்டு நொட்டோரியஸ் பி.ஐ.ஜியின் 'லைஃப் ஆஃப்டர் டெத்' அவர் சுட்டுக் கொல்லப்பட்டுச் சில நாட்களிலேயே வெளிவந்தது. வூ-டாங் குழுவினரும் அதே ஆண்டில் இரட்டை இறுவட்டை வெளியிட்டனர். இரட்டைத் தொகுப்பு என்பது ஒருவர் தம்மைப் பெருங்கலைஞராக நிலைநாட்டிக்கொள்வதற்கான சாசனம் போன்று ஆகிவிட்டது.

2014 டிசெம்பரில் நிலைமை மீண்டும் மாறியது. அமெரிக்காவின் 'பில்போர்ட்' சஞ்சிகை இணையவழியாகப் பாடல்கள் கேட்கப்படுவதையும் தொகுப்புகளின் தரவரிசையில் கணக்கிடத் தொடங்கியது. 1,500 தடவைகள் பாடல்கள் ஒலித்தால் ஒரு தொகுப்பு விற்றதற்குச் சமம் என்பது அப்போதைய கணக்கு. பாடல்கள் கூடினால் எண்ணிக்கையும் கூடும். 2018 ஜனவரியில் மிகோஸ் குழுவின் 'கல்ச்சர் 2' 24 பாடல்களுடனும், ஜூன் மாதத்தில் டிரேக்கின் 'ஸ்கோர்ப்பியன்' 25 பாடல்களுடனும் வந்தமை தற்செயலானதல்ல. ஆகவே அந்த ஆண்டில் நீண்ட தொகுப்பொன்றைக் கண்ட கேட்போர், இது கலையா வியாபாரமா என்று ஐயுற்றிருந்தால் அவர்களைக் குறைகூற முடியாது.

ஆனால், லூபே ஃபியாஸ்கோவின் நீளம் அந்த வகையைச் சேர்ந்ததல்ல. வசுலு முஹம்மட் ஜாகோ என்ற இயற்பெயர் கொண்ட அவர் 1982 இல் பிறந்தவர். கைக்குக் கை மாறிய கலவைத் தொகுப்புகளின் மூலம் அறிமுகமாகி, 2006 இல் அட்லாண்டிக் என்ற பெரும் கம்பனியின் ஊடாக முதலாவது தொகுப்பை வெளியிட்டார். நிறுவனத்துக்கும் அவருக்கும் இடையிலான உறவு நாளடைவில் கசந்தது. அவருடைய மூன்றாவது தொகுப்பான 'லேசர்ஸ்' தாமதிக்கப்பட்டபோது, 2010 ஒக்டோபரில் இரசிகர்கள் நியூயோர்க்கில் அக்கம்பனியின் அலுவலகத்துக்கு முன்பாகத் திரண்டு குரலெழுப்பினர். 2011 மார்ச்சில் அது வெளிவந்து தரவரிசையில் முதலிடத்தைப் பிடித்தது. வானொலிக்கு ஏற்ற பாடல்களுக்கான நிர்ப்பந்தத்தின் மத்தியில் உருவான அத்தொகுப்பைத் தாம் நேசிக்கவும் வெறுக்கவும் செய்வதாக அவரே பகிரங்கமாகக் கூறினார். 2015 இல் 'டெட்சுவோ அன்ட் யூத்' தொகுப்புடன் அந்த உறவு முடிவுக்கு வந்தது. அதன் பின்னர் தமது சொந்த அடையாளத்தின் கீழ் சுயாதீன விநியோகத்துடன் அவர் இயங்கினார். எனவே, பிறப்பால் நிலத்தடிக் கலைஞர் என்பதை விட, மேடையிலிருந்து தாமாக நிலத்தடிக்கு இறங்கி வந்தவர் என்று அவரைக் கூறுவதே பொருத்தம். 'வெட்டு' என்று சொல்வதற்கு எவரும் இல்லாத நிலையில் உருவானது 'ட்ரோகாஸ் வேவ்'. அதன் பலமும் பலவீனமும் அங்கிருந்தே பிறக்கின்றன.

தொகுப்பின் மூலக்கதை இதுதான்: ஆபிரிக்காவிலிருந்து மேற்கிந்தியத் தீவுகளுக்குச் செல்லும் அடிமைக் கப்பலொன்றிலிருந்து கடலில் விழுந்த ஒரு கூட்டத்தினர் இறக்கவில்லை. கடலுக்கடியில் அவர்கள் உயிர்வாழ்கிறார்கள். அதன் பின்னரான தமது வாழ்நாளை அடிமைக் கப்பல்களை மூழ்கடிப்பதிலேயே செலவிடுகிறார்கள். அவர்களுக்கு 'நீள்சங்கிலியர்' என்று பொருள்படும் பெயரை அவர் சூட்டியிருக்கிறார்.

இது வெறும் கற்பனையல்ல. 1781 இல் லிவர்பூல் வணிகர்களுக்குச் சொந்தமான 'சொங்' என்ற கப்பல் 442 ஆபிரிக்கர்களை ஏற்றிக்கொண்டு ஜமெய்க்காவை நோக்கிச் சென்றது. திசைபிசகிப் பயணம் நீண்டபோது, குடிநீர் போதாது என்ற காரணத்தைக் காட்டி, நவம்பர் 29 ஆம் திகதி தொடக்கம் 130 க்கும் மேற்பட்டவர்கள் உயிருடன் கடலில் வீசப்பட்டனர். கப்பலின் உரிமையாளர்கள் தலைக்கு 30 பவுண் வீதம் காப்புறுதிப் பணம் கோரினர். 1783 இல் இலண்டன் நீதிமன்றம் விசாரித்தது கொலை வழக்கை அல்ல, காப்புறுதி வழக்கை. ஜூரிகள் உரிமையாளர்களுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தனர். பின்னர் மான்ஸ்ஃபீல்ட் பிரபு மறுவிசாரணைக்கு இடமளித்தார். கொலைக்காக எவரும் தண்டிக்கப்படவில்லை. அந்த வழக்கின் ஏடுகளில் தொகை இருக்கிறது, விலை இருக்கிறது. வீசப்பட்டவர்களின் பெயர்கள் இல்லை.

அத்திலாந்திக் அடிமை வாணிபத்தில் ஏறத்தாழ ஒரு கோடியே 25 இலட்சம் ஆபிரிக்கர்கள் கப்பலேற்றப்பட்டனர் என்றும், அவர்களில் சுமார் 18 இலட்சம் பேர் கரை சேரவில்லை என்றும் வரலாற்றாய்வாளர்கள் கணித்துள்ளனர். கடலையே கல்லறையாகக் கொண்ட அம்மக்களைப் பற்றி லூபே ஃபியாஸ்கோவுக்கு முன்னரும் கறுப்பினக் கலைஞர்கள் கற்பனை செய்ததுண்டு. டெட்ரொயிட் நகரின் டிரெக்சியா என்ற மின்னிசை இரட்டையர், கடலில் வீசப்பட்ட கர்ப்பிணிப் பெண்களுக்குப் பிறந்த குழந்தைகள் நீருக்கடியில் ஒரு நாட்டை உருவாக்கியதாக 1997 இல் வெளியான தமது இறுவட்டின் குறிப்பில் எழுதியிருந்தனர். டிரெக்சியாவின் இசையில் பெரும்பாலும் சொற்கள் இல்லை. லூபே ஃபியாஸ்கோ அந்தக் கடலுக்குச் சொற்களை வழங்கினார்.

தொகுப்பின் முதற்பகுதி இந்தப் பொறுப்பை நேர்மையாகச் சுமக்கிறது. 'மனில்லா' என்ற பாடலின் தலைப்பையே எடுத்துக்கொள்வோம். மேற்கு ஆபிரிக்காவில் நாணயமாகப் புழங்கிய உலோகக் காப்பின் பெயர் அது. ஐரோப்பியர் அதைக் கொடுத்து மனிதர்களை வாங்கினர். நகையும் பணமும் விலங்கும் ஒரே பொருளுக்குள் அடங்கியிருப்பதைக் காட்ட இதைவிடப் பொருத்தமான தலைப்பு கிடைப்பதரிது. 'வேவ் ஃபைல்ஸ்' பாடலில் அடிமைக் கப்பல்களின் பெயர்கள் அடுக்கப்படுகின்றன. பெயரிழந்த மக்களின் கதையில் கப்பல்களுக்கு மாத்திரம் பெயர் எஞ்சியிருக்கின்ற அவலம் கேட்பவருக்கு மெல்ல மெல்ல உறைக்கிறது. அத்தகைய பட்டியலைச் சுருக்கச் சொல்வது, அதன் பொருளையே சுருக்கச் சொல்வதாகும்.

'அலன் ஃபோரெவர்' பாடல் இரண்டு நூற்றாண்டுகளைத் தாண்டி வருகிறது. 2015 செப்டெம்பர் 2 ஆம் திகதி துருக்கியின் கரையில் சடலமாக ஒதுங்கிய சிரியக் குழந்தை அலன் குர்தி உயிர் தப்பியிருந்தால் என்னவாகியிருப்பான்? அவனை ஒரு நீச்சல் வீரனாக வளர்த்துப் பார்க்கிறது பாடல். பின்னர் வருகின்ற 'ஜோனைலா ஃபோரெவர்' பாடல், 2013 இல் சிக்காகோவில் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியான ஆறு மாதக் குழந்தைக்கும் வாழாத வாழ்க்கையை மீட்டுக்கொடுக்கிறது. இவ்விரு பாடல்களுமே தொகுப்பின் சிகரம் என்பது எனது கருத்து. மூலக்கதையின் பெயர்களை இவை உச்சரிக்காவிட்டாலும், இறந்தவர்களை இறக்கவிடாமல் தடுப்பது என்ற அதன் உயிர்நாடியைப் பற்றிக்கொண்டிருக்கின்றன.

குறை எங்கே இருக்கிறது? நூலுக்குரிய பத்துக் குற்றங்களை நன்னூலார் வகுத்திருக்கிறார். அவற்றில் 'மிகைபடக் கூறல்' ஒன்று. 'மற்றொன்று விரித்தல்' வேறொன்று. 'சென்று தேய்ந்து இறுதல்' இன்னொன்று. நீண்ட படைப்புகளைக் குறைகூறுகின்ற நாம் இம்மூன்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறோம். 'ட்ரோகாஸ் வேவ்' மீது முதலாவது குற்றத்தைச் சுமத்துவது நியாயமாகாது. கடலைப் பற்றிய பகுதியில் மிகை என்று சொல்லத்தக்கது அதிகமில்லை. ஆனால், மற்றைய இரண்டிலிருந்தும் அதனால் தப்ப முடியாது.

தொகுப்பு பாதியைக் கடந்ததும் நீள்சங்கிலியர்கள் கண்ணிலிருந்து மறைந்துவிடுகிறார்கள். டேமியன் மார்லி பங்கேற்ற 'கிங்டம்' போன்று தனித்து நிற்கத்தக்க பாடல்கள் பின்பகுதியிலும் உண்டு. எனினும் அவை வேறொரு தொகுப்பைச் சேர்ந்தவை போன்று ஒலிக்கின்றன. கடலுக்கடியில் தொடங்கிய பயணம் கரையேறிப் பல தெருக்களில் பிரிந்து போய்விடுகிறது. மூழ்கடித்த கப்பல்களால் வரலாறு மாறியதா, அந்த மக்கள் என்றாவது ஊர் திரும்பினார்களா என்ற கேள்விகளுக்குக் கதையின் ஊடாக முழுமையான பதில் கிடைக்கவில்லை. இறுதிப் பாடலான 'மியூரல் ஜூனியர்', 2015 ஆம் ஆண்டுத் தொகுப்பின் தொடக்கத்தில் ஏறத்தாழ ஒன்பது நிமிடங்கள் பல்லவியே இல்லாமல் ஓடிய 'மியூரல்' பாடலின் வாரிசு. சொல்லாற்றலுக்கு அது சான்று. கதைக்கு அது முடிவல்ல.

ஒரு நல்ல தொகுப்பாசிரியர் அருகிலிருந்திருந்தால் முப்பது நிமிடங்களை அகற்றியிருப்பார் என்று கூறத் தோன்றும். பத்திரிகை அலுவலகங்களில் பல ஆண்டுகள் பிறர் எழுத்தை வெட்டியவன் என்ற முறையில் எனக்கும் கை துறுதுறுக்கவே செய்கிறது. ஆனால், இதே கலைஞரிடம் 'வானொலிக்கு எது?' என்று கேட்டவர்களும் தொகுப்பாசிரியர்கள்தான். அவர்களுடைய மேசைக்கு இப்படைப்பு சென்றிருந்தால் முதலில் வெட்டுப்பட்டிருக்கக் கூடியவை பின்பகுதிப் பாடல்கள் அல்ல. கப்பல்களின் பெயர்ப் பட்டியலும் கடல்வாழ் மக்களுமே முதலில் போயிருப்பர். தேவையற்றதை வெட்டுகின்ற கையும், தேவையானதை வெட்டுகின்ற கையும் பெரும்பாலும் ஒரே கை என்பது இத்தொழிலில் உள்ள சங்கடம். சுயாதீனக் கலைஞரின் மிகைநீளம் அந்தச் சுதந்திரத்துக்கான விலையாகும். இங்கு அந்த விலை கூடியதுதான்; வீணானதல்ல.

அவரே பின்னர் வேறு வழியைத் தேர்ந்துகொண்டமையும் கவனிக்கத்தக்கது. 2022 ஜூனில் வெளிவந்த 'டிரில் மியூசிக் இன் சயன்' மூன்று நாட்களில் உருவாக்கப்பட்டது; பத்துப் பகுதிகள், சுமார் 40 நிமிடங்கள். 2022-23 கல்வியாண்டில் மசாசுசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்தில் வருகைதரு பேராசிரியராக ராப் கலையைக் கற்பித்தார். 2024 ஜூனில் வெளிவந்த 'சாமுராய்' எட்டுப் பாடல்களில், ஏறத்தாழ அரை மணித்தியாலத்தில், ஒரே கற்பனையைத் தொடங்கி முடிக்கிறது. ஒரு மையக்கருத்தை இறுதிவரை கைவிடாமல் கொண்டுசெல்வதில் 'சாமுராய்' சிறந்தது. எனினும், இவ்விரண்டில் எது நினைவில் தங்கும் என்று கேட்டால் நான் 'ட்ரோகாஸ் வேவ்' என்றே கூறுவேன்.

புதிதாகக் கேட்க விரும்பும் வாசகர்களுக்கு ஓர் ஆலோசனை: முழுவதையும் ஒரே மூச்சில் கேட்க வேண்டியதில்லை. முதலாவது பகுதியிலிருந்து 'அலன் ஃபோரெவர்' வரையிலான ஒன்பதையும் வரிசை குலையாமல் ஒரே அமர்வில் கேளுங்கள். மிகுதியை மற்றொரு நாளைக்கு ஒத்திவையுங்கள். அந்த ஒன்பதில் எதையாவது வெட்டலாம் என்று தோன்றுகிறதா என்பதை உங்களையே கேட்டுப் பாருங்கள். எனக்குத் தோன்றவில்லை.