மக்டவல் கவுண்டி: நிலவமைப்பும் மக்கள்தொகையும்

அமெரிக்காவின் மேற்கு வெர்ஜீனியா மாநிலத்தின் தென்கோடியிலுள்ள மக்டவல் கவுண்டியின் (மாவட்டத்தின்) மக்கள்தொகை 1950இல் 98,887. 2020இல் 19,111. எழுபது ஆண்டுகளில் ஐந்தில் நான்கு பங்கு மக்கள் குறைந்ததற்கு இரு காரணங்கள் வழக்கமாகச் சொல்லப்படுகின்றன: மலைகள் அதைத் தனிமைப்படுத்தின, நிலக்கரி தீர்ந்துபோனது. கணக்கெடுப்பு எண்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் இவ்விரண்டும் நிற்கவில்லை. அங்கு மக்களைக் குடியேற்றியதையும் வெளியேற்றியதையும் தீர்மானித்தது நில உடைமையே என்பது இக்கட்டுரையின் வாதம்.

ஏறத்தாழ 1,385 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இக்கவுண்டியில் சமதளம் மிக அரிது. டக் ஃபோர்க் ஆறும் எல்க்ஹார்ன் முதலிய ஓடைகளும் அறுத்த குறுகிய பள்ளத்தாக்குகளின் அடியில்தான் ஊர், சாலை, இருப்புப்பாதை எல்லாமே நெருக்கிக்கொண்டு கிடக்கின்றன. தலைநகர் வெல்ச்சும் அப்படித்தான். குடியிருப்புகள் ஓடையோரமாக நீண்ட வரிசைகளாக அமைந்ததற்கு நிலவமைப்பே காரணம் என்பதில் ஐயமில்லை. ஆனால், எத்தனை பேர் வாழ்ந்தனர் என்பதற்கு அதனிடம் விடையில்லை. 1880இல் 3,074 பேரே இருந்த அதே மலைகளில் 1910இல் 47,856 பேர் வாழ்ந்தனர். இடையில் நிகழ்ந்தது, 1880களின் இறுதியில் நார்ஃபோக் அண்ட் வெஸ்டர்ன் இருப்புப்பாதை வந்துசேர்ந்ததுதான். எஃகு உலைகளுக்கான கல்கரி செய்ய மிக உகந்த போக்கஹாண்டஸ் நிலக்கரியைத் தேடி மூலதனம் வந்தது. இத்தாலியரும் ஹங்கேரியரும் போலந்தினரும் தென்மாநிலக் கறுப்பினத்தவரும் வேலைக்கு வந்தனர். முதல் உலகப்போரில் பணியாற்றிய கறுப்பினப் படைவீரர்களுக்காக 1928இல் கிம்பல் ஊரில் எழுந்த நினைவுக் கட்டடம் இன்றும் அந்தக் குடியேற்றத்துக்குச் சான்றாக நிற்கிறது. ஒரு காலத்தில் இத்தனை இனத்தாரை ஈர்த்த நிலத்தை இயல்பிலேயே ஒதுங்கிய இடம் என்பது வரலாற்றுக்குச் செய்யும் அநீதி.

வீழ்ச்சியின் காலவரிசையை இன்னும் கூர்ந்து நோக்க வேண்டும். 1950க்கும் 1960க்கும் இடையில் 27,528 பேர் குறைந்தனர். நிலக்கரி அப்போது தீரவில்லை. இன்றும் அங்கே வெட்டப்படுகிறது. தீர்ந்தது ஆட்களின் தேவை. 1950ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில் சுரங்கத் தொழிலாளர் சங்கத் தலைவர் ஜான் எல். லூயிஸ், கூலி உயர்வுக்கும் நலநிதிக்கும் ஈடாக இயந்திரமயத்தை ஏற்றுக்கொண்டார். நிலக்கரியை இடைவிடாமல் வெட்டி வாரும் இயந்திரங்கள் பல ஆட்களின் வேலையைச் செய்தன. 1961 மே மாதம் வறியோருக்கான புதிய சோதனைத் திட்டத்தின் முதல் உணவுக் கூப்பன்கள் வெல்ச்சில் வழங்கப்பட்டபோதும், அந்த மலைகளிலிருந்து கரி வண்டிகள் போய்க்கொண்டுதான் இருந்தன. எண்ணெய் நெருக்கடி நிலக்கரியின் தேவையைக் கூட்டிய 1970களில் இழப்பு வெறும் 767. எஃகுத் தொழில் சரிந்த 1980களில் அது 14,666. மலை மாறவில்லை, வெளியூர்ச் சந்தையே மாறியது.

அப்படியானால் வேலை போனபின் வேறு பிழைப்பு ஏன் முளைக்கவில்லை? இங்கேதான் உடைமை முன்னுக்கு வருகிறது. சுரங்க நிறுவனங்கள் ஊர்களையே கட்டின. கேரி ஊர் அமெரிக்க எஃகு நிறுவனத்தின் படைப்பு. பிற்காலத்தில் பல இடங்களில் வீடுகள் தொழிலாளர்க்கு விற்கப்பட்டன. ஆனால், சுற்றியுள்ள மலையும் அதனடியிலுள்ள கனிமமும் பெரும்பாலும் வெளியூர் உரிமையாளர்களிடமே தங்கின. ஆறு மாநிலங்களில் 80 கவுண்டிகளை ஆராய்ந்து 1981இல் வெளியான அப்பலாச்சிய மலைப்பகுதியின் நில உடைமை ஆய்வு, இத்தகைய உரிமையாளர்கள் கனிமத்துக்குச் செலுத்திய சொத்துவரி மிகச் சொற்பம் என்று காட்டியது. பள்ளிக்கும் சாலைக்கும் பணம் வேண்டிய உள்ளூராட்சிக்கு இதைவிடப் பெரிய இழப்பு இல்லை. மக்கள் வீடு கட்டக் கிடைத்தது பள்ளத்தாக்கின் அடி மட்டுமே. 2001, 2002ஆம் ஆண்டு வெள்ளங்கள் புகுந்ததும் அங்கேதான். ஆகவே நிலவமைப்பின் கடுமை மெய்தான் என்றாலும், அதன் சுமையை யார் தாங்குவது என்பதை உடைமைப் பத்திரங்களே முடிவுசெய்தன.

2020இன் எண்ணையும் அப்படியே கொள்ளலாகாது. கைதிகளைச் சிறை உள்ள இடத்திலேயே எண்ணுவது அமெரிக்கக் கணக்கெடுப்பின் முறை. மக்டவலில் கூட்டரசுச் சிறை ஒன்று இருக்கிறது. எனவே தாமாக விரும்பி அங்கே வாழ்வோரின் தொகை 19,111ஐவிடக் குறைவு. ஆகவே, இத்தகைய கவுண்டிகளை ஆராய்வோர் மக்கள்தொகை அட்டவணையோடு நிலப்பதிவேட்டையும் வரிப்பதிவேட்டையும் சேர்த்தே வாசிக்க வேண்டும்.