பத்தாம் எண் அபாய அறிவிப்பு

1991 ஏப்ரல் 29 இரவு வங்கதேசத்தின் சிட்டகாங் கரையைப் புயல் தாக்கியது. ஏறக்குறைய 1,38,000 பேர் மாண்டனர். எச்சரிக்கை இல்லாமலில்லை. பத்தாம் எண் அபாயம் என்று அறிவித்திருந்தார்கள்; தொண்டர்கள் ஒலிபெருக்கியில் கூவினார்கள். இருந்தும் 20 முதல் 44 வயதுவரையிலான ஆண்களில் ஆயிரத்துக்கு 15 பேரும், பெண்களில் 71 பேரும் இறந்தார்கள். இந்த 71 என்னை இன்றும் உறுத்துகிறது.

புடவையும் கூந்தலும் நீரில் இழுத்துவிட்டன என்பார்கள். இருக்கலாம். ஆனால் கிளம்பும் முடிவே அவர்கள் கையில் இல்லையே! கணவன் வரட்டும் என்று காத்திருந்தார்கள். குழந்தைகள், கிழவிகள், ஆடு கோழி எல்லாம் அவர்கள் பொறுப்பு. அந்நிய ஆண்கள் நெருக்கியடிக்கும் புயல் காப்பகத்தில், தனிக் கழிப்பறைகூட இல்லாமல் இரவைக் கழிப்பது மானக்கேடு என்று வேறு சொல்லி வளர்த்திருந்தார்கள்.

பிற்பாடு தொண்டர் படையில் பெண்களையும் சேர்த்தார்கள். அவர்களால் அடுப்படிவரை போய்ச் சொல்ல முடிந்தது.