பனி நாட்டு ஓவியரும் செம்மண் தோட்டமும்

வெளிநாட்டார் நம் சித்தூர்ச் சீமைக்கு வந்து தங்கியது புதிதல்ல. அயர்லாந்துக் கவிஞர் ஜேம்ஸ் கசின்ஸ் மதனப்பள்ளிக் கல்லூரியில் பணியாற்றினார். 1919-இல் அவருடைய விருந்தினராக வந்த தாகூர் ‘ஜன கண மன’ பாடலை ஆங்கிலமாக்கியது அங்கேதான். காணிப்பாக்கத்திலிருந்து மேற்கே இன்னும் போனால் பெங்களூர். அங்கே குடியேறிய ஒரு ரஷ்ய ஓவியரைப் பற்றி நம் பிள்ளைகளும் அறியவேண்டும்.

ஸ்வெதஸ்லாவ் ரோரிக் 1904-இல், பால்டிக் கடலோரத்துப் பீட்டர்ஸ்பர்க்கில் பிறந்தவர். நீண்ட பனிக்காலம் உள்ள ஊர் அது. 1923-இல் பெற்றோருடன் இந்தியா வந்தார். தந்தை நிக்கோலஸ் ரோரிக் குலுப் பள்ளத்தாக்கில் தங்கி இமயத்தையே தீட்டினார். மகனைத் தெற்கு இழுத்தது. சிவந்த மண், சுடும் வெயில், வயலில் உழைக்கும் ஜனங்கள் எல்லாம் அவர் திரையில் நிறமாக எரிந்தன. நாடாளுமன்ற மைய மண்டபத்து நேரு படமும் இவர் கைவண்ணமே. 1961-இல் பத்மபூஷண் கிடைத்தது.

வால்டேரில் பிறந்த நடிகை தேவிகா ராணியை 1945-இல் மணந்தார். கனகபுரா சாலையில் தாதகுணி என்னுமிடத்தில் ஏறத்தாழ 470 ஏக்கர் தோட்டம். அதில் லினாலோ மரங்கள். மெக்சிக்கோவிலிருந்து வந்த மரம். அதன் தைலம் வாசனைத் திரவியத்துக்குப் போகும். ஓவியரும் நம்மைப்போல் சரக்கு விற்றவர்தான் என்பதில் வியாபாரியாகிய எனக்கு ஒரு சந்தோஷம்!

1993-இல் அவரும் 1994-இல் தேவிகா ராணியும் மறைந்தனர். பிள்ளை இல்லை. தோட்டத்தில் ஒரு பகுதியைத் தாங்கள் வாங்கியதாக ஒரு நிறுவனம் உரிமை கோரிற்று. 1996-இல் கர்நாடக அரசு தனிச் சட்டம் செய்து தோட்டத்தை எடுத்தது. அச்சட்டம் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2011-இல். பதினைந்து வருஷம்! ஆனால் அவர் உயிரோடிருந்தபோதே சித்ரகலா பரிஷத்துக்குக் கொடுத்த படங்களை, யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம். கொடுத்தது நின்றது; வைத்திருந்தது வழக்கேறியது.

எங்கள் சமணத்தில் நால்வகைத் தானம் உண்டு: உணவு, மருந்து, அபயம், சாத்திரம். சுவடியைப் படியெடுத்துக் கொடுப்பதும் அன்னமிடுவதற்குச் சமம். வெளி மாநிலத்தில் வாழும் நம் வீட்டுப் பரண்களிலும் தாத்தா காலத்து ஏடுகள், புத்தகங்கள், கணக்கு நோட்டுகள் கிடக்கின்றன. தமிழ் படிக்காத பேரனுக்கு அவை பழைய காகிதம். நாம் இருக்கும்போதே எது யாருக்கு என்று எழுதிவைப்போம். பொது நூலகத்துக்குத் தரவேண்டியதை நம் கையாலேயே தருவோம்.