தமிழ்நாடு திருத்திய வரவு செலவுத் திட்டக் கூட்டத்தொடர், 2021

தமிழ்நாடு திருத்திய வரவு செலவுத் திட்டக் கூட்டத்தொடர் என்பது 16ஆவது சட்டமன்றம் 2021 ஆகஸ்ட் 13 முதல் செப்டம்பர் 13 வரை கூடிய தொடராகும். பெருந்தொற்றின் காரணமாக இது புனித ஜார்ஜ் கோட்டைக்கு மாற்றாகச் சென்னைக் கலைவாணர் அரங்கத்தில் நடைபெற்றது. காட்பாடித் தொகுதி உறுப்பினர் துரைமுருகன் அவை முன்னவராக இருந்தார்.

ஆகஸ்ட் 9 அன்று நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் மாநில நிதிநிலை பற்றிய வெள்ளை அறிக்கையை வெளியிட்டார். ஒவ்வொரு குடும்பத்தின் மீதும் 2,63,976 ரூபாய் பொதுக்கடன் உள்ளதாக அவ்வறிக்கை கூறியது. இது மொத்தக் கடனைக் குடும்பங்களின் எண்ணிக்கையால் வகுத்த சராசரியே அன்றி, எவரும் நேரடியாகச் செலுத்த வேண்டிய தொகை அன்று. கடனின் அளவைக் காட்டிலும் அதன் பயன்பாடே முதன்மையான சிக்கலாகும். 2013-14 முதல் வருவாய்ப் பற்றாக்குறை தொடர்ந்தமையால், ஊதியம், ஓய்வூதியம், மானியம், வட்டி போன்ற அன்றாடச் செலவுகளின் ஒரு பகுதிக்கும் கடன் வாங்க நேர்ந்தது.

2021 பிப்ரவரியில் ஓ. பன்னீர்செல்வம் அளித்த இடைக்கால வரவு செலவுத் திட்டத்தில் வருவாய்ப் பற்றாக்குறை 41,417 கோடி ரூபாய் என மதிப்பிடப்பட்டிருந்தது. ஆகஸ்ட் 13 அன்று அளிக்கப்பட்ட திருத்திய மதிப்பீட்டில் அது 58,692 கோடியாக உயர்ந்தது. அவ்வாறிருந்தும் பெட்ரோல் மீதான வரி லிட்டருக்கு 3 ரூபாய் குறைக்கப்பட்டது. இதனால் ஆண்டுக்கு 1,160 கோடி ரூபாய் இழப்பு ஏற்படும் எனக் கணக்கிடப்பட்டது. அதிமுக உறுப்பினர்கள் வெளிநடப்புச் செய்தனர்.

இது தமிழ்நாட்டின் முதல் காகிதமில்லா வரவு செலவுத் திட்டமாகும். மறுநாள் எம். ஆர். கே. பன்னீர்செல்வம் மாநிலத்தின் முதலாவது தனி வேளாண்மை நிதிநிலை அறிக்கையை அளித்தார்.