பெயரிடப்படாத கோடுகள்: நஸ்ரீன் முஹம்மதியின் இறுதிக்கால ஓவியங்கள்

நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் கலை அருங்காட்சியகம் 2016 மார்ச் மாதத்தில் 'மெட் பிராயர்' என்னும் புதிய கிளையைத் திறந்தது. அத்திறப்பினையொட்டி நடைபெற்ற கண்காட்சிகளுள் ஒன்று, ஓர் இந்திய முஸ்லிம் குடும்பத்தில் பிறந்த பெண் ஓவியருக்கு உரியதாக அமைந்தது. கராச்சியில் 1937இல் பிறந்து, மும்பையிலும் பரோடாவிலும் வாழ்ந்து, 1990இல் மறைந்த நஸ்ரீன் முஹம்மதியே அவர். ஓவியங்கள், கோட்டோவியங்கள், நிழற்படங்கள் என 130க்கும் மேற்பட்ட ஆக்கங்கள் அவருடைய நாட்குறிப்பேடுகளுடன் அங்கே வைக்கப்பட்டன. அதற்கு முன்னர், தில்லியின் கிரண் நாடார் கலை அருங்காட்சியகம் 2013இலும், மத்ரித் நகரின் ரெய்னா சோஃபியா அருங்காட்சியகம் 2015இலும் அவருடைய படைப்புகளை விரிவாகக் காட்சிப்படுத்தியிருந்தன. வாழ்ந்த காலத்தில் சிறியதொரு வட்டத்துக்குள் மட்டுமே அறியப்பட்டிருந்த ஒருவர், மறைந்து கால் நூற்றாண்டு கழிந்தபின் உலகின் பேரவைகளில் இடம்பெற்றார்.

இவ்வாறு இடம்பெற்றதோடு ஒரு வழக்கும் தொடங்கியது. இக்கோடுகள் எந்த மரபுக்குரியவை? மேலைத் திறனாய்வாளர் பலர் அவரை அமெரிக்க ஓவியர் ஆக்னஸ் மார்ட்டினுடன் இணைத்துப் பேசினர். வேறு சிலர், முஸ்லிம் பெயரையும் வடிவ கணிதத்தையும் ஒருங்கே கண்ட மாத்திரத்தில், இது இஸ்லாமியக் கலையின் தொடர்ச்சியே என்றனர். முன்னையது அவரை இன்னொருவரின் நிழலாக்கிவிடுகிறது. பின்னையது நம் நெஞ்சுக்கு இனிமையானது. ஆகவே அதனையே நாம் கூடுதல் கவனத்துடன் ஆராய வேண்டியிருக்கிறது.

நஸ்ரீன் 1954 முதல் 1957 வரை இலண்டனின் செயின்ட் மார்ட்டின்ஸ் கலைப்பள்ளியில் பயின்றார். 1961 முதல் 1963 வரை பாரிசில் பயிற்சி பெற்றார். இவ்விரண்டுக்கும் இடையில், மும்பையின் பூலாபாய் தேசாய் நிறுவனத்தில் பணியாற்றிய ஓவியர்களிடையே அவருக்கு இடம் கிடைத்தது, வ.சு. கைதொண்டே அவர்களுள் முதன்மையானவர். 1972இல் பரோடா மகாராஜா சயாஜிராவ் பல்கலைக்கழகத்தின் நுண்கலைத் துறையில் ஆசிரியரானார். அவருடைய தொடக்கக்கால ஓவியங்களில் செடியும் நிலமும் நீரும் மங்கலாகத் தென்படும். 1970களில் அவையெல்லாம் விலகி, நெருக்கமான கிடைக்கோடுகளும் கட்டங்களும் தாளை நிறைத்தன. தூரிகையும் வண்ணமும் நீங்கி, கட்டடக் கலைஞர்களின் வரைகருவிகளும் மையும் பென்சிலும் அவருடைய கைக்கு வந்தன.

1980களில் கட்டங்களும் மறைந்தன. வெண்மையான தாளில் சில சாய்கோடுகள், சில முக்கோணங்கள், ஒரு வில், சில வேளைகளில் ஒரு வட்டம் என்பவை மட்டுமே எஞ்சின. தாளின் பெரும்பகுதி வெறுமையாகவே விடப்பட்டது. ஒரே கோடு தொடங்குமிடத்தில் அழுத்தமாகவும் முடியுமிடத்தில் மெலிந்தும் செல்வதால், அது தாளினின்று எழும்பி மிதப்பதுபோல் தோன்றும். இக்காலத்தில்தான், உடலியக்கத்தின் கட்டுப்பாட்டைச் சிறிது சிறிதாகப் பறிக்கும் நரம்பு நோய் அவரை வருத்திக்கொண்டிருந்தது. கை நடுங்கிய ஆண்டுகளில் வரையப்பட்ட கோடுகளில் நடுக்கம் இல்லை. கண்காட்சியில் அவற்றின் முன் நின்றோர் பலரையும் வியப்பில் ஆழ்த்திய செய்தி இதுவே.

எனினும் வரலாறு எழுதுவோர் இவ்விடத்தில் சற்று நிதானிக்க வேண்டும். நஸ்ரீன் தம் ஆக்கங்களில் பெரும்பாலானவற்றுக்குத் தலைப்பு இடவில்லை, ஆண்டும் குறிக்கவில்லை. அருங்காட்சியகங்கள் தரும் காலக்குறிப்புகள் பெரும்பாலும் தோராயமானவை. பாணியை அடிப்படையாகக் கொண்டவை. 'கோடுகள் குறைந்துள்ளமையால் இது பிந்தியது' என்று முதலில் வரிசைப்படுத்திவிட்டு, 'பிந்தியது ஆகையால் நோயின் சுவடு இதில் உள்ளது' என்று பின்னர் விளக்கினால், சான்று தன்னைத்தானே சுற்றிவருவதாகிவிடும். நோயும் கோடும் ஒரே காலத்தவை என்பது உண்மை. ஒன்றிலிருந்து மற்றொன்று பிறந்தது என்பதோ நாம் சேர்த்துச் சொல்லும் கதை.

இஸ்லாமிய வடிவ கணிதம் என்னும் உரிமைக்கோரலையும் இதே நிதானத்துடன் அணுகலாம். இஸ்தான்பூலின் தோப்காப்பி அரண்மனை நூலகத்தில் ஏறத்தாழ 29.5 மீட்டர் நீளமுள்ள ஒரு சுருள் இருக்கிறது. 15ஆம் நூற்றாண்டின் இறுதியிலோ 16ஆம் நூற்றாண்டிலோ ஈரானியக் கைவினைஞர்கள் வரைந்த 114 வடிவங்கள் அதில் உள்ளன. மையிட்ட கோலத்தின் அடியில், மையின்றிக் கூர்முனையால் கீறப்பட்ட துணைக்கோடுகளும் அதில் காணக்கிடக்கின்றன. கட்டடம் எழுந்தபின் எவர் கண்ணுக்கும் தெரியாத கோடுகள் அவை. அங்கே கோடு ஒரு கருவி; குவிமாடத்துக்கும் சுவருக்கும் அது வழிகாட்டும். கோலம் மீண்டும் மீண்டும் அடுக்கப்பட்டுப் பரப்பை நிறைக்கும். நஸ்ரீனின் இறுதிக்கால ஓவியங்களில் அடுக்கும் இல்லை, நிறைவிப்பும் இல்லை. அங்கே கோடு வேறெதற்கும் வழிகாட்டுவதில்லை. கோடே முடிவாக நிற்கிறது. எனவே வடிவ ஒற்றுமையை மட்டும் கொண்டு அவரை அம்மரபின் வாரிசு எனக் கூறுவது பொருந்தாது.

அப்படியாயின் உறவே இல்லையா? உறவு உண்டு; அதனை வடிவத்தில் தேடாமல் பயிற்சியில் தேடுதல் வேண்டும். பக்தாதில் 940இல் மறைந்த இப்னு முக்லா, அப்பாசியக் கலீபாக்கள் மூவரிடம் அமைச்சராக இருந்தவர். எழுதுகோலின் புள்ளியை அளவாகவும் 'அலிஃப்' எழுத்தை அடிப்படையாகவும் கொண்டு அரபு எழுத்துகளுக்கு விகிதம் வகுத்தவராக எழுத்தணிக் கலை வரலாறு அவரைப் போற்றுகிறது. அரசியல் பகையால் அவருடைய வலக்கை துண்டிக்கப்பட்டது. அதன்பின் முன்கையில் எழுதுகோலைக் கட்டிக்கொண்டு எழுதினார் என வரலாற்றாசிரியர்கள் பதிந்துள்ளனர். அளவு நெஞ்சில் நிலைபெற்றுவிட்டால் கையின் குறை அதனை அழித்துவிடாது என்பதை அப்பதிவு உணர்த்துகிறது. நஸ்ரீனின் வரைபலகையும் அளவுகோலும் இத்தகைய ஒழுங்கையே நினைவூட்டுகின்றன.

அவர் எங்கிருந்து கற்றார் என்பதற்கு அவருடைய நிழற்படங்களே நேரடிச் சான்று. அக்பர் எழுப்பிய ஃபத்தேபூர் சிக்ரியின் கல்தளங்களையும், சண்டிகரின் நவீனக் கட்டடங்களையும், தறியில் இழுத்துக் கட்டிய நூல்களையும், தந்தையாரின் வணிகத் தொடர்பால் அவர் அறிந்த பஹ்ரைனின் மணல்வெளியையும் அவர் படம்பிடித்தார். அப்படங்களை வாழ்நாளில் அவர் காட்சிக்கு வைத்ததில்லை. முகலாயர் கல்லும் நெசவாளர் இழையும் அவர் கண்ணுக்கு ஒரே தரத்தன. அவற்றுள் ஒன்றை மட்டும் எடுத்து 'இதுவே மூலம்' என்று கூற அவருடைய ஏடுகள் இடந்தருவதில்லை.

மெட் பிராயர் 2020இல் மூடப்பட்டது. ஓவியங்களோ வெவ்வேறு பெயர்ப்பலகைகளுடன் அரங்குதோறும் பயணப்படுகின்றன. முஸ்லிம்களின் கலைப்பங்களிப்பை எடுத்துரைப்பது நம் கடமை. அதனை இவ்விதழ் போன்றவை செய்யாவிடில் செய்வோர் அரிது. ஆயினும் ஒருவர் தாமே விரும்பிப் பெயரிடாமல் விட்ட ஆக்கத்தின்மேல் நம் பெயரைப் பொறிப்பது பங்களிப்பை எடுத்துரைப்பதாகாது. அவர் விட்டுச்சென்ற வெற்றிடம் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அதனை நிரப்பாமல் காப்பதும் வரலாற்றுப் பணியே.