ஊவா மலைநாடும் 1955ஆம் ஆண்டின் சூரியகிரகணமும்

பதுளை, பண்டாரவளை, அப்புத்தளைத் தேயிலைத் தோட்டங்களிற் குடியேறிய தமிழர், தாயகத்துக் கிரகண வழக்கங்களையும் உடன்கொணர்ந்தனர். கிரகணகாலத்தில் உண்ணாமை, கருவுற்ற பெண்டிர் வெளிவராமை, கிரகணம் விட்டபின் நீராடல் என்பன அவற்றுள் முதன்மையானவை.

1955 ஜூன் 20ஆம் நாள் காலை 8 மணியளவில் ஊவா மலைகளில் வெயில் மங்கிற்று. இருபதாம் நூற்றாண்டின் மிக நீண்ட முழுச் சூரியகிரகணம் அதுவே. அதன் உச்ச அளவு 7 நிமிடம் 8 விநாடி. முழுமறைப்பின் பாதை இலங்கையைக் கடந்தது. 1871இல் வடஇலங்கை கண்ட முழுமறைப்பை நேரிற் பார்த்தோர் அப்போது அரியர். ஆதலின் பெரும்பாலோர்க்கு அக்காட்சி புதிது.

பதுளைக்கு வடக்கே ஹிங்குராக்கொடையில் அயல்நாட்டு வானியலார் கருவிகளுடன் காத்திருந்தனர். முகில் அவர்கள் முயற்சியைக் கெடுத்தது. நாட்டிலோ, கிரகணவேளையில் வசம்புச் சாறு பருகும் பெண்டிர் சிவந்த மேனி பெறுவர் என்னும் வதந்தி பரவிற்று. அதனை நம்பிப் பருகியோர் பலர் நோயுற்று மருத்துவமனை புகுந்தனர்.

இத்தகைய மயக்கம் கணிதமறியாமையால் விளைந்ததன்று. புதுச்சேரியில் தமிழர் கணிதமுறையைக் கற்ற பிரெஞ்சு வானியலார் லெ ஜந்தீல், 1765ஆம் ஆண்டுச் சந்திரகிரகணத்தின் கால அளவில் அம்முறை 41 விநாடியே பிழைத்ததெனக் கண்டார். ஐரோப்பிய அட்டவணையோ 68 விநாடி பிழைத்தது. அவ்வறிவு பஞ்சாங்கக் கணிதர் சிலரிடமே தங்கிற்று. பஞ்சாங்கம் குறித்த நாளும் நாழிகையும் மக்களை எட்டின. அவற்றின் காரணம் எட்டவில்லை. காரணம் எட்டாத இடத்தையே வதந்தி நிரப்பிற்று.